மலையூர் மாலை வகுப்பறைக்கு எது வாங்கலாம்?

குன்னூரில் எங்கள் குடியிருப்பின் பொது அறையில் மாலை 6 மணி முதல் 8 மணி வரை பள்ளிப் பிள்ளைகளுக்கு வகுப்பு நடக்கிறது. ஒரு பிள்ளை இருமத் தொடங்கினால் அந்த வாரத்துக்குள் பாதி வகுப்பு இருமுகிறது. இதற்காக ஏதாவது ஒரு கருவி வாங்கலாம் என்று பெற்றோர் பணம் சேர்த்தபோது, எதை வாங்குவது என்பதில் ஒருமித்த கருத்து ஏற்படவில்லை. சுவரில் ஓதம் ஏறியிருப்பதைக் கண்டவர்கள் ஈரம் உறிஞ்சும் டீஹியூமிடிஃபையரைக் கேட்டார்கள். காற்றில் ஈரம், அந்த வெப்பத்தில் அது தாங்கக்கூடியதில் 40 முதல் 60 சதவீதம் இருக்க வேண்டும் என்று எங்கோ படித்தவர்கள் பனிக்காலத்துக்கு ஈரம் சேர்க்கும் ஹியூமிடிஃபையர் வேண்டும் என்றார்கள். ஏர் பியூரிஃபையர் வேண்டும் என்றவர்களும், ஹீட்டர் போட்டுக் கதவைச் சாத்தினாலே போதும் என்றவர்களும், எக்ஸாஸ்ட் ஃபேன் ஒன்றைப் பொருத்திவிட்டால் முடிந்தது என்றவர்களும் உண்டு. ஒவ்வொன்றையும் எங்கள் அறையின் அளவையும் மலையின் தட்பவெப்பத்தையும் வைத்துக் கணக்கிட்டுப் பார்த்ததன் விளைவே இக்கட்டுரை. உதகை, கோத்தகிரி, கொடைக்கானல் ஆகிய ஊர்களில் இதே நிலையில் இருப்பவர்களுக்கும் இந்தக் கணக்கு ஏறக்குறையப் பொருந்தும்.

அறை 20 அடி நீளம், 15 அடி அகலம், 9 அடி உயரம். அதாவது ஏறத்தாழ 76 கன மீட்டர் காற்று. அதில் 20 பிள்ளைகளும் 2 ஆசிரியர்களும் இரண்டு மணி நேரம் அமர்ந்திருக்கிறார்கள். சாலைப் பக்கம் மீட்டருக்கு மீட்டர் அளவில் ஒரு ஜன்னலும், எதிர்ச்சுவரில் கூரையை ஒட்டிக் கயிறு இழுத்துத் திறக்கும் பழைய வென்டிலேட்டர்கள் இரண்டும் உள்ளன. வென்டிலேட்டர்களின் கயிறு என்றோ அறுந்துவிட்டது. இடுக்குகளில் குளிர் நுழையாதபடி செய்தித்தாளை மடித்துச் செருகி, அதன்மேல் பெயின்ட்டும் அடித்திருக்கிறார்கள்.

பேசும்போதும் இருமும்போதும் மட்டுமல்லாமல், சும்மா மூச்சு விடும்போதும் நம்மிடமிருந்து நுண்துளிகள் வெளியேறுகின்றன. பெரியவை ஓரிரு மீட்டருக்குள் தரையில் விழுந்துவிடும். மிகச் சிறியவை ஈரம் வற்றி இன்னும் சிறுத்து, அறையின் காற்றோடு மணிக்கணக்கில் மிதந்துகொண்டிருக்கும். இந்த வேறுபாட்டை 1934ஆம் ஆண்டிலேயே வில்லியம் வெல்ஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் எழுதிவிட்டார். ஆயினும் கொரோனா காலம் வரை அது பொதுமக்களின் பேச்சுக்கு வரவில்லை. 2020 ஜனவரியில் சீனாவின் குவாங்சோ நகரத்து உணவகம் ஒன்றில் அடுத்தடுத்த மேசைகளில் இருந்த மூன்று குடும்பங்களைச் சேர்ந்த 10 பேருக்குத் தொற்று ஏற்பட்டது. அந்த இடத்தைப் பின்னர் அளந்து பார்த்தவர்கள், ஆளொன்றுக்கு வினாடிக்கு 1 லிட்டர் அளவுகூடப் புதிய காற்று அங்கே கிடைக்கவில்லை என்று கண்டார்கள். உலக சுகாதார நிறுவனம் 2021இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், வீடுகள் அல்லாத பொது இடங்களுக்கு ஆளொன்றுக்கு வினாடிக்கு 10 லிட்டர் புதிய காற்று வேண்டும் என்றது. அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2023இல் கணக்கை வேறு விதமாகச் சொன்னது: அறையிலுள்ள காற்று முழுவதற்கும் ஈடான தூய காற்று மணிக்கு 5 முறை வர வேண்டும். எங்கள் அறைக்கு முதல் கணக்கின்படி மணிக்கு ஏறத்தாழ 800 கன மீட்டரும், இரண்டாவதன்படி 380 கன மீட்டரும் தேவை. கதவும் ஜன்னலும் சாத்திய அறையில் இடுக்குகள் வழியாக மணிக்கு 40 கன மீட்டர் வந்தாலே அதிகம்.

ஈரத்தைப் பற்றிய செய்தி இவ்வளவு எளிதானதல்ல. காற்றிலுள்ள ஈரம் மூன்று இடங்களில் வேலை செய்கிறது: துளி எவ்வளவு விரைவில் வற்றிச் சிறுக்கிறது என்பதில், துளிக்குள் வைரஸ் எவ்வளவு நேரம் உயிர்ப்போடு இருக்கிறது என்பதில், நம் மூக்கிலும் தொண்டையிலும் உள்ள சளிப்படலம் வறண்டுபோகாமல் கிருமியைத் தள்ளுகிறதா என்பதில். 2007இல் கினிப் பன்றிகளை வைத்து நடத்திய ஆய்வில், 20 டிகிரி வெப்பத்தில் ஈரம் 20, 35 சதவீதமாக இருந்தபோது இன்புளுயன்சா எளிதாகப் பரவியது. 80 சதவீதத்தில் பரவவே இல்லை. ஆனால் வெப்பம் 5 டிகிரிக்கு இறங்கியபோது 80 சதவீத ஈரத்திலும் ஓரளவு பரவியது. 2013இல் இருமும் பொம்மை ஒன்றை அறையில் வைத்துச் சோதித்தவர்கள், ஈரம் 23 சதவீதமோ அதற்குக் குறைவாகவோ இருந்தால் ஒரு மணி நேரத்தில் சேகரித்த வைரஸில் 70 சதவீதத்துக்கு மேல் தொற்றும் ஆற்றலோடு இருந்ததையும், 43 சதவீதத்துக்கு மேல் போனால் அது 22 சதவீதத்துக்குள் அடங்கியதையும் கண்டார்கள். எங்கள் பெற்றோர் சொன்ன 40, 60 என்ற எல்லைகளுக்குப் பின்னால் இப்படிப்பட்ட ஆய்வுகள் இருக்கின்றன.

எனினும் இதை மட்டும் நம்பிப் பணத்தைச் செலவழிக்க எனக்கு மனம் வரவில்லை. 2018இல் வந்த ஓர் ஆய்வில், மனித மூச்சுக்குழாயின் சளியோடு கலந்த இன்புளுயன்சா வைரஸ், ஈரம் 23 சதவீதமாக இருந்தாலும் 98 சதவீதமாக இருந்தாலும் ஒரு மணி நேரம் வரை ஒரே போல் தாக்குப்பிடித்தது. பிள்ளைகளுக்கு அடிக்கடி வரும் சாதாரண சளியை உண்டாக்கும் ரைனோவைரஸோ ஈரக் காற்றில்தான் நன்றாக வாழ்கிறது. கொழுப்பு உறை உள்ள வைரஸ்களுக்கு ஒரு நியாயம், உறை இல்லாதவற்றுக்கு வேறொரு நியாயம் என்று இருக்கையில், ஈரத்தை எந்த எண்ணில் நிறுத்தினாலும் ஏதோ ஒன்றுக்கு அது வசதியாகவே அமையும். காற்றை மாற்றுவதும் வடிகட்டுவதும் எந்த வைரஸ் என்று பார்ப்பதில்லை. துளியையே அவை அறையிலிருந்து அகற்றுகின்றன.

மலையில் ஜன்னலைத் திறந்தால் பனியும் ஈரமும் உள்ளே வந்துவிடும் என்ற எண்ணம் வேரூன்றியிருக்கிறது. வெளியே பத்தடிக்கு மேல் கண் தெரியாத மூடுபனி நிற்கும்போது அது இயல்பான எண்ணமே. ஆனால் குளிர்ந்த காற்றால் அதிக நீராவியைச் சுமக்க முடியாது. 10 டிகிரியில் 90 சதவீத ஈரமுள்ள வெளிக்காற்றில் ஒரு கன மீட்டருக்கு 8.5 கிராம் அளவு நீராவிதான் இருக்கும். அதே காற்று உள்ளே வந்து 20 டிகிரிக்குச் சூடானால் அதன் ஈரம் 47 சதவீதமாக இறங்கிவிடும். அறையை ஈரமாக்குகிறவர்கள் உள்ளே இருப்பவர்கள்தான். அமர்ந்திருக்கும் ஒருவர் மூச்சாலும் தோலாலும் மணிக்கு 40 கிராம் அளவில் நீராவியை விடுகிறார் என்று வைத்துக்கொண்டால், 22 பேர் சேர்ந்து மணிக்கு முக்கால் லிட்டருக்கு மேல் விடுகிறார்கள். 18 டிகிரியில் எங்கள் அறையின் காற்று முழுவதும் சேர்ந்து தாங்கக்கூடியது 1.2 லிட்டருக்கும் குறைவு. வகுப்பு தொடங்கிச் சிறிது நேரத்தில் ஜன்னல் கண்ணாடியில் வியர்த்து, நீர் கோடுகோடாக வழிந்து சட்டத்தின் அடியில் தேங்குவதும், பீரோவின் பின்பக்கச் சுவரில் பூசணம் கருப்பாகப் படர்வதும் பெரும்பாலும் இந்த மூச்சு நீரால்தான்.

இந்தக் கணக்கு டீஹியூமிடிஃபையரை உடனே பின்னுக்குத் தள்ளுகிறது. நாளொன்றுக்கு 12 லிட்டர் என்று பெட்டியில் அச்சிட்ட கருவி மணிக்கு அரை லிட்டர்தான் எடுக்கும். 22 பேர் விடுவதோ அதைவிட அதிகம். அந்த 12 லிட்டரும் சமவெளியின் வெப்பமும் ஈரமும் உள்ள சோதனை அறையில் அளந்தது. கம்ப்ரசர் உள்ள வகை 15 டிகிரிக்குக் கீழே போனால் அதன் குளிர்க்குழாயில் உறைபனி பிடித்து, நீர் எடுப்பதை விட்டுவிட்டுப் பனியை உருக்குவதிலேயே நேரத்தைக் கழிக்கும். குளிரில் ஒழுங்காக வேலை செய்யும் உலர்த்துபொருள் வகை வேறு உண்டு. அதற்கு மின்சாரம் அதிகம் பிடிக்கும். எதுவாயினும் இவை வைரஸை அகற்றுவதில்லை. அறை காலியாக இருக்கும் நேரத்தில் புத்தகங்களையும் சுவரையும் காப்பதற்கு நல்ல கருவி என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நாங்கள் பணம் சேர்த்தது பிள்ளைகளின் இருமலுக்காக, சுவருக்காக அல்ல.

ஹியூமிடிஃபையரின் கதை இதற்கு நேர்மாறாகத் தொடங்கி அதே இடத்தில் முடிகிறது. ஜனவரியில் உதகையில் புல்வெளி வெளுக்க உறைபனி விழும் இரவுகளில் வெளிக்காற்றில் கன மீட்டருக்கு 5 கிராம் அளவுதான் நீராவி இருக்கும். அதை ஹீட்டரால் 20 டிகிரிக்குச் சூடாக்கினால் ஈரம் 30 சதவீதத்துக்கும் கீழே போகும். தொண்டை வறள்வதும் உதடு வெடிப்பதும் அதனால்தான். ஆனால் 22 பேர் இருக்கும் அறையில், மணிக்கு 5 முறை காற்று மாறினாலும், அவர்கள் விடும் நீராவியே கன மீட்டருக்கு 2 கிராமுக்கு மேல் சேர்த்து ஈரத்தை ஏறத்தாழ 40 சதவீதத்துக்கு ஏற்றிவிடும். ஆட்கள் நிறைந்த அறைக்கு இக்கருவி வீண். ஹீட்டர் போட்ட படுக்கையறையில் தனியாக உறங்கும் முதியவருக்கு அது பயன்படலாம்; அப்போதும் தொட்டியை நாள்தோறும் கழுவி, காய்ச்சி வடித்த நீரை ஊற்ற வேண்டும். இல்லாவிட்டால் தொட்டியில் வளர்ந்ததையெல்லாம் அது காற்றில் தூவும்.

ஹீட்டர் போட்டுக் கதவைச் சாத்துவதைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். சாத்திய எங்கள் அறையில் இரண்டு மணி நேர முடிவில் கார்பன் டை ஆக்சைடு 5,000 பி.பி.எம் (பத்து லட்சம் பங்கு காற்றில் 5,000 பங்கு) அளவைத் தாண்டும். வெளிக்காற்றில் அது 420 பி.பி.எம் சுற்று. ஒருவர் வெளிவிட்ட மூச்சை மற்றவர் எவ்வளவு இழுக்கிறார் என்பதற்கு இதைவிட நேரான அளவு கிடையாது. அந்த வாயு மிகும்போது துளிக்குள் கொரோனா வைரஸ் கூடுதல் நேரம் தாக்குப்பிடிக்கிறது என்றும் பிரிஸ்டல் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் 2024இல் காட்டியிருக்கிறார்கள். மின்சாரம் போனதும் ஹீட்டருக்குப் பதிலாகக் கரி அடுப்பை உள்ளே கொண்டுவரும் வழக்கம் நம் மலைகளில் இன்னும் இருக்கிறது. சாத்திய அறையில் கரித்தணல் விடும் கார்பன் மோனாக்சைடு உறக்கத்திலேயே உயிரை எடுத்துவிடும். தொற்றைப் பற்றிப் பேச அங்கே யாரும் மிஞ்ச மாட்டார்கள்.

இனி ஏர் பியூரிஃபையர். ஹெப்பா ஃபில்டர் 0.3 மைக்ரான் துகள்களில் 99.97 சதவீதத்தைப் பிடிக்கும். வைரஸைச் சுமக்கும் துளிகளை அது விட்டுவைக்காது. பெட்டியில் பார்க்க வேண்டிய எண் சி.ஏ.டி.ஆர். என்ற தூய காற்றின் அளவு. எங்கள் அறைக்கு அது மணிக்கு 380 கன மீட்டர் ஆக வேண்டும். அந்த எண்ணும் விசிறியை முழு வேகத்தில் ஓட்டினால் கிடைப்பது. முழு வேகத்தில் அது போடும் சத்தத்தில் கணக்குப் பாடம் நடத்த முடியாது என்பதால், எந்த ஆசிரியரும் பத்தாவது நிமிடத்தில் அதைக் குறைந்த வேகத்துக்கு மாற்றிவிடுவார், அத்தோடு தூய காற்று பாதிக்கும் கீழே போய்விடும். ஆகவே நடு வேகத்தில் ஓடும் இரண்டு கருவிகள் வேண்டும்; விலையும், மாற்று ஃபில்டரின் விலையும் இரட்டிப்பாகும். மழைக்காலத்தில் நாள்கணக்கில் ஓடாமல் கிடந்தால் ஃபில்டரிலேயே பூசணம் வாடை வரும். மூச்சு நீராவியையும் கார்பன் டை ஆக்சைடையும் அது தொடாது. இத்தனை குறைகள் இருந்தும், வாங்கத்தக்கவற்றில் இதை இரண்டாவது இடத்தில் வைக்கிறேன். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை குன்னூர், கோத்தகிரிப் பக்கம் சாய்ந்தடிக்கும்போது சாலைப் பக்க ஜன்னலைத் திறக்கவே முடியாத மாலைகள் உண்டு. பிப்ரவரி, மார்ச்சில் காட்டுத்தீயின் புகை பள்ளத்தாக்கில் தங்கும் நாள்களும் உண்டு. அந்த நாள்களில் உள்ளேயுள்ள காற்றையே வடிகட்டுவதைத் தவிர நல்ல வழி இல்லை.

கிருமியைக் கொல்லும் புற ஊதா விளக்கைப் பற்றியும் ஒருவர் கேட்டார். பழைய முறைதான் அது. வெல்ஸ் 1937 முதல் 1941 வரை பிலடெல்பியா பகுதிப் பள்ளிகளில் அறையின் மேல்பகுதியில் புற ஊதா விளக்குகளைப் பொருத்தி, தட்டம்மை பரவுவதைக் குறைத்துக் காட்டினார். ஆனால் ஒளி கண்ணிலும் தோலிலும் படாதவாறு உயரமும் கோணமும் அளந்து பொருத்த ஆள் வேண்டும். காற்றில் ஈரம் 70 சதவீதத்தைத் தாண்டினால் அதன் திறனும் குறையும். எஸ்டேட் லைன் வீடுகளைப் போன்ற தாழ்ந்த கூரைகளுக்கு அது ஆகவே ஆகாது. மருத்துவமனைக் காத்திருப்புக் கூடங்களுக்கு விட்டுவிடுவோம்.

ஜன்னலும் எக்ஸாஸ்ட் ஃபேனும் மிஞ்சுகின்றன. குளிரே இங்கே நமக்கு உதவுகிறது. உள்ளே 20 டிகிரியும் வெளியே 10 டிகிரியும் இருந்தால், காற்றே வீசாவிட்டாலும், மீட்டருக்கு மீட்டர் அளவுள்ள ஒரே ஜன்னலின் மேல்பாதி வழியே சூடான காற்று வெளியேறி, கீழ்ப்பாதி வழியே குளிர்ந்த காற்று உள்ளே வந்து, மணிக்கு 400 கன மீட்டர் அளவில் மாறிக்கொண்டிருக்கும். ஊதுபத்தியை ஜன்னலின் அடியிலும் பிறகு மேலேயும் பிடித்துப் பார்த்தால் புகை எதிரெதிர்த் திசைகளில் போவதைக் கண்ணாலேயே காணலாம். உள்ளும் புறமும் ஒரே வெப்பமாக இருக்கும் சமவெளியின் கோடை மாலையில் இந்த இலவசக் காற்று கிடைக்காது. வென்டிலேட்டர்களையும் திறந்துவிட்டால் உயர வேறுபாடு கூடி ஓட்டம் இன்னும் வலுக்கும். அந்தப் பெயின்ட்டைச் சுரண்டிச் செய்தித்தாளை எடுக்க அரை நாள் தச்சு வேலை போதும்.

குளிருமே என்ற கேள்வி நியாயமானது. மணிக்கு 400 கன மீட்டர் குளிர்ந்த காற்றைப் 10 டிகிரி சூடாக்க ஒரு கிலோவாட்டுக்குச் சற்று அதிகமான வெப்பம் வேண்டும். அமர்ந்திருக்கும் ஒருவர் 70 வாட் அளவில் வெப்பம் விடுகிறார் என்றால் 22 பேரிடமிருந்து ஒன்றரைக் கிலோவாட் கிடைக்கிறது. ஜன்னல் வழியாகப் போகும் வெப்பத்தை ஆட்களே ஈடுகட்டிவிடுகிறார்கள். சுவரும் தகரக் கூரையும் விடும் வெப்பத்துக்குத்தான் ஹீட்டர் வேண்டும். ஜன்னலை ஒட்டி உட்காருகிறவர்களுக்கு மட்டும் வாடைக்காற்று முதுகில் அடிக்கும். ஆகவே கீழ்ப்பாதியில் பலகையைச் சாய்த்து வைத்துக் காற்றை மேல்நோக்கித் திருப்ப வேண்டும், அல்லது அந்த ஓரத்தில் பெஞ்சைப் போடாமல் விட வேண்டும். இன்னொரு தடை குரங்குகள். திறந்த ஜன்னல் அவற்றுக்கு அழைப்பிதழ்; கோத்தகிரிப் பக்கம் என்றால் கரடியையும் நினைத்துக்கொள்ள வேண்டும். உறுதியான கம்பி வலை அடிக்காமல் இதைச் செய்யக் கூடாது. வலை காற்றைச் சற்றுக் குறைக்கும், குறைக்கட்டும்.

ஜன்னலின் பலவீனம், வெளியே வெப்பம் ஏற ஏற அதன் ஓட்டம் தளர்வதுதான். ஜூலையில் உள்ளும் புறமும் 3 டிகிரி மட்டுமே வேறுபட்டால் மாறும் காற்று 400இலிருந்து 220 அளவுக்கு இறங்கிவிடும். கூடலூர், பந்தலூர் பக்கம் மலை தாழ்ந்து, தென்மேற்குப் பருவமழை வெளுத்து வாங்கும் மாதங்களில் உள்ளும் புறமும் ஒரே வெப்பம், ஒரே ஈரம். அங்கே ஜன்னலை மட்டும் நம்பினால் காற்று நின்றுவிடும். இந்த இடைவெளியை அடைப்பது எக்ஸாஸ்ட் ஃபேன். 9 அங்குல ஃபேனின் பெட்டியில் போட்டிருக்கும் அளவில், வலையும் மூடுதகடும் எதிர்க்காற்றும் தின்றது போகப் பாதி கிடைத்தாலும், மணிக்கு 300, 400 கன மீட்டர் தேறும். அதை ஜன்னலுக்கு எதிர்ச்சுவரில், உயரத்தில் பொருத்த வேண்டும். ஜன்னலுக்குப் பக்கத்திலேயே பொருத்தினால் வந்த காற்றையே திருப்பி அனுப்பிக்கொண்டிருக்கும், அறையின் மறுகோடியில் உள்ள பிள்ளைக்கு ஒன்றும் போய்ச் சேராது. பழைய பங்களாக்களைப் போலக் கணப்பு எரியும் அறையில் எக்ஸாஸ்ட் ஃபேன் கூடவே கூடாது. புகைபோக்கி வழியாக மேலே போக வேண்டிய புகையை அது அறைக்குள் இழுத்துவிடும்.

எனவே எங்கள் அறைக்கு என் தெரிவு: வென்டிலேட்டர்களைத் திறப்பது, ஜன்னலுக்கு வலை அடிப்பது, எக்ஸாஸ்ட் ஃபேன் ஒன்று பொருத்துவது. மிஞ்சும் பணத்தில் ஒரு ஏர் பியூரிஃபையரை மழை மாலைகளுக்கென்று வாங்கலாம். இவற்றாலும் 22 பேருக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் 800 கன மீட்டர் நிச்சயமாகக் கிடைக்காது. ஜன்னலின் காற்றும் ஃபேனின் காற்றும் எண்ணில் அப்படியே கூடுவதில்லை. ஆனால் வகுப்பை ஆசிரியரோடு சேர்த்து 11 பேர் கொண்ட இரண்டு அணிகளாகப் பிரித்து, அணிக்கொரு மணி நேரம் என்று வைத்தால், 400 கன மீட்டரிலேயே ஆளொன்றுக்கு வினாடிக்கு 10 லிட்டர் கிடைத்துவிடும். பைசா செலவில்லாத இந்த வழியை யாரும் முன்மொழியவில்லை. ஆசிரியர்கள் ஒப்புக்கொள்வார்களா என்பதுதான் கேள்வி. காய்ச்சலோடு வரும் பிள்ளையை வீட்டில் இருத்துவதும், லேசான இருமல் என்றால் முகக்கவசம் அணிவிப்பதும் எந்தக் கருவி வாங்கினாலும் வாங்காவிட்டாலும் செய்ய வேண்டியவை.

பொருத்திய பிறகு வேலை நடக்கிறதா என்று பார்க்கக் கார்பன் டை ஆக்சைடு மீட்டர் ஒன்றை இரவல் வாங்கினாலும் போதும். அதில் மலைக்காரர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. அகச்சிவப்புக் கதிரால் அளக்கும் மீட்டர்கள் கடல்மட்டத்துக் காற்றழுத்தத்தை வைத்து அமைக்கப்பட்டவை. 1,850 மீட்டர் உயரத்தில் உள்ள குன்னூரில் அழுத்தம் அதில் 80 சதவீதம்தான். உயரத்தைப் பதிவு செய்யாவிட்டால் உண்மையில் 1,000 பி.பி.எம் இருக்கும்போது அது 800 என்று காட்டி நம்மை நிம்மதியாக இருக்கச் செய்துவிடும். 2,240 மீட்டரில் உள்ள உதகையில் இன்னும் குறைத்துக் காட்டும். அமைப்புப் பக்கத்தில் உயரத்தைக் கொடுத்துவிட்டு, திறந்த வெளியில் வைத்து 420 சுற்றி நிற்கிறதா என்று பார்த்த பிறகே அறைக்குள் கொண்டுபோக வேண்டும். ஜன்னலருகே வைக்காமல், பின் வரிசையில், பிள்ளைகள் மூச்சு விடும் உயரத்தில், எவர் முகத்துக்கும் ஒரு மீட்டருக்குள் இல்லாமல் வைத்து, வகுப்பின் கடைசி 15 நிமிடங்களில் காட்டும் எண்ணைக் குறித்துக்கொள்ளலாம். பியூரிஃபையர் ஓடும் மழை நாள்களில் இந்த எண் ஏறத்தான் செய்யும், ஏனென்றால் ஃபில்டர் துளிகளைப் பிடிக்குமே தவிர வாயுவைப் பிடிக்காது. மற்ற நாள்களில் எண் 1,000ஐத் தாண்டி ஏறிக்கொண்டே போனால் ஜன்னலை இன்னும் திறக்க வேண்டும், அல்லது அணியை இன்னும் சிறிதாக்க வேண்டும்.